பன்னிரண்டாவது துளை

சேரம்பாடிக்கு வந்த கல்லூரிக்காரர்
மேசையில் விரித்த வழவழ புத்தகத்தில்
மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி
வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
வரைபடம் தலைகீழாய் இருக்கிறது.

நான் சொல்லவில்லை.
அப்பா அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சிவிலுக்கு இப்ப நல்ல மவுசு தங்கச்சி.
முதல் வருஷம் எழுபத்தெட்டாயிரம்.
பஸ் தனி. விடுதி தனி.
யூனிபாரம் ரெண்டு செட் இலவசம்."
இலவசம் என்பதை மட்டும்
இரண்டு தரம் சொன்னார்.

அன்றிரவு கரண்ட் இல்லை.
இலை எடைபோட்ட சீட்டுகளின் பின்பக்கம்
மெழுகுவத்தி வைத்துக் கணக்குப் போட்டேன்.
அம்மாவின் ஒருநாள் கூலி நானூறென்றால்
வழவழ புத்தகம் கேட்பது
நூற்றுத் தொண்ணூற்றைந்து நாள்,
அரிசி வாங்காமல்.

இன்னொரு சீட்டில்
ஊட்டி அரசு பாலிடெக்னிக்.
கட்டணம் இரண்டாயிரத்துச் சொச்சம்.
ஸ்வெட்டர் ஒன்று.
டிராயிங் போர்டு, யாரிடமாவது பழையது.
விடுதி என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.
மெழுகு சொட்டி அது மறைந்துவிட்டது.

விசாரிக்கப் போன நாளில்
கண்ணாடி போன ஜன்னலுள்ள ஆய்வகத்தில்
ஒரு பையன் கான்கிரீட் கட்டியை
மெஷினில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தான்.
எவ்வளவு தாங்கும் என்றேன்.
உடைஞ்சாத்தான் தெரியும் என்றான்.
அங்கேயே பாதி முடிவாகிவிட்டது எனக்கு.

"டிப்ளமோவா? மேஸ்திரி வேலைதான் கிடைக்கும்"
என்றாள் பக்கத்து லயத்து ராக்காயி.
எங்கள் லயத்துக்குப் பின்னால் சுவர் வைத்தவருக்கு
மேஸ்திரி வேலையும் தெரியாது.
போன ஆடியில்,
கட்டி மூன்று மாதம்கூட ஆகாமல்
வயிறு தள்ளி நின்றது.
ராத்திரி இரண்டு மணிக்கு
கோழிக்கூட்டின் மேல் படுத்துக்கொண்டது.
ஏழு கோழி.
விடிந்ததும் கல்லைப் புரட்டினோம்.
பின்னால் இருந்த மண்ணெல்லாம் கஞ்சி.
இருபதடிச் சுவரில்
தண்ணீர் வெளியே வர
விரல் நுழையும் ஓட்டை ஒன்றில்லை.

அப்பாவுக்கு அந்த மஞ்சள் தொப்பி பிடித்திருந்தது.
சங்கத்தில் கடன் கேட்கலாம் என்றார்,
இன்னொரு நாள் நகை என்றார்,
நகை என்றால் அம்மாவின் தோடு.
அப்போதுதான் சொன்னேன்,
அந்தப் பொண்ணு படத்தைத்
தலைகீழாப் பிடிச்சிருக்காப்பா.

புத்தகத்தை வாங்கினார்.
நேராகப் பார்த்தார்.
திருப்பிப் பார்த்தார்.
"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று
சிரிக்கத் தொடங்கியவர்
பாதியில் நிறுத்தி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுநாள் அது
ஆடுகிற அலமாரியின் காலுக்கடியில் இருந்தது.
இப்போது ஆடுவதில்லை.

விடுதியில் இடம் கிடைத்தது.
மூன்று பேர் அறையில் நான்காவதாய்.

முதல் நாள் பஸ்
தேவாலா தாண்டி ஒரு வளைவில் நின்றது.
முன்னால் ஜேசிபி மண் அள்ளிக்கொண்டிருந்தது.
இறங்கினேன்.
சாலையோரம் புதுச் சுவர்.
எண்ணினேன்: பன்னிரண்டு துளை.
பதினொன்றில் ஒழுகல்.
ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது.

உடைந்த குடைக்கம்பியை விட்டுக் குடைந்தேன்.
முதலில் ஒரு கூழாங்கல்,
பிறகு வேர்,
பிறகு கலங்கலாய் ஒரு சொட்டு,
அப்புறம் நூல் மாதிரி.

கண்டக்டர் விசிலடித்தார்.
"ஏம்மா, அங்க என்ன பண்றே?"

கை கழுவுறேண்ணே என்றேன்.