பத்தே முக்கால்

பத்தொன்பது வருடமாகக் கூவியிருக்கிறேன்,
"ஆஸ்பத்திரி எறங்கு, ஆஸ்பத்திரி எறங்கு" என்று.
ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை
நானே இறங்கினேன்.
ஓட்டுநர் முனிரத்தினம் கண்ணாடியில் பார்த்தபடி
விசிலுக்குக் காத்திருந்தார்.
விசில் என் வாயில் இருந்தது.

குழாய்விட்டுப் பார்த்த டாக்டரம்மா
திரையில் காட்டினார்:
சட்டைப் பொத்தான் அளவு ஒரு பள்ளம்.
சரியாக அதன் மேல்தான்
காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே
நாளெல்லாம் தொங்கியது சில்லறைப் பை.

"காரமா துன்னு துன்னு வந்ததும்மா" என்றேன்.
"காரம் புண்ணைச் சீண்டும், தோண்டாது.
முதுகுவலிக்கு என்ன போடுறீங்க?"
மெடிக்கலில் பேர்கூடக் கேட்காமல் வாங்கிய
மஞ்சள் மாத்திரை.
விடியல் நாலரைக்கு, வெறும் வயிற்றில், டீயோடு,
நாலு வருடம்.
அதை நிறுத்தச் சொன்னார்.
கூடவே ஒரு கிருமியும் இருக்கிறதாம்,
பாஸ் எடுத்துக்கொண்டு
தினமும் ஏறிய கிருமி.

பதினாலு நாளைக்கு மாத்திரை எழுதினார்.
"கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடுங்க."
நேரம்!
பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி படுத்தால்
என் மதியம் நாலு மணிக்கு வரும்.

முதல் வாரம் டப்பாவைத் திறந்தால்
துக்க வீடு.
வெள்ளை இட்லி, வெள்ளைச் சோறு, வெள்ளைப் பூசணி.
அடுப்படியில் பிள்ளைகளுக்கு
இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்
எண்ணெயில் கிடந்து சிவந்துகொண்டிருக்கும்.
ஒரு ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டேன்.
ரேணுகா ஒன்றும் பேசவில்லை.
காம்பு முள்ளைக் கிள்ளிப் போட்டு
இரண்டு காயைத் தணலில் சுட்டாள்,
தோலுரித்தாள், தயிரில் மசித்தாள்,
உப்பு, சீரகம், ஒரு கை கொத்தமல்லி.
நாற்பத்தாறு வயதில்
மிளகாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்த கத்தரிக்காயை
அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.
"இன்னா?" என்றாள்.
"ஒண்ணுமில்ல, இன்னும் இருக்குதா?"

பிறகு என் வயிறு வண்டியின் கால அட்டவணையில் ஏறியது.
விடியலில் கேழ்வரகுக் கஞ்சி, புளிக்காதது.
மூன்றாவது நடை முடிந்தால் இட்லி.
மணத்தக்காளிக் கீரையும் பாசிப்பருப்பும்
கோட்டை நிறுத்தத்துக்கு வந்தாலே மணக்கும்,
டப்பா என் இருக்கைக்கடியில்.
நேரக் காப்பாளர் லோகநாதன் சிரிப்பார்:
"இன்னாய்யா, கைக்குழந்தையா நீ?"
ஆமாம் சார். ரெண்டு மணிக்கு ஒருதரம்.

ஒருநாள் ரயில் தாமதம், கூட்டம் படிவரை.
டப்பா எங்கோ கால்களுக்கடியில்.
பத்தே முக்கால்.
நெஞ்சுக்குழிக்குக் கீழே தீக்குச்சி கிழித்த மாதிரி.
சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன்.
மடியில் கோப்புடன் ஜன்னலோரம் இருந்த வங்காளத்து அம்மா
அட்டையைப் பார்த்தாள்,
தன் கோப்பைப் பிரித்து
அதே பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள்,
பக்கத்தில் தூங்கும் கணவனையும்.
அப்புறம் காகிதக் கூம்பில் பொரி.
கொடுக்குமுன்
பச்சை மிளகாய்த் துண்டுகளை
ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு அவள் மொழியில்
டிக்கெட் விலைதான் தெரியும்.
மென்றுகொண்டே கூவினேன்,
"ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி."
இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்,
படி உயரம் என்பதால்.

பசி எது, வலி எது என்று
பிரித்துச் சொல்லத் தெரியாமலே
எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.
இரண்டையும் டீ ஊற்றி அமர்த்துவேன்.
இப்போது பத்தே முக்காலுக்கு வருவது
பசிதான், வெறும் பசி.
உட்கார இடம் கொடுக்கிறேன்.

ஆம்பூரில் சகலை மகனுக்கு வருகிற தையில் கல்யாணம்.
பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டதாம்.
போவேன்.
ஒரு கரண்டி, மெதுவாக.
ரெண்டாவது கரண்டிக்கு
ரேணுகா எந்தப் பந்தியில் உட்காருகிறாள் என்று
பார்க்கவேண்டும்.