சுழி

கடலிலும் சுழி உண்டு,
கணக்கிலும் சுழி உண்டு.
ஆகஸ்ட் இரவில் எங்களை உள்ளே இழுத்தது
இரண்டாவது.

கல்ட்பாக் வளைகுடாவில், நான்காம் வலைக்கூண்டில்,
நாற்பதாயிரம் சால்மன்
விடியும்போது வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.
எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.
மணியில் கோளாறில்லை, கம்பியிலும் இல்லை.
நீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தால் அலறுவது என்று
நிரல் கேட்டிருக்கிறது.
செட்டிங்ஸ் கோப்பைப் படித்துச் சொல்லும் செயற்கூறு
சுழி என்று சொல்லியிருக்கிறது.
சுழிக்குக் கீழே எந்தக் கடலும் போகாது.

கோப்பில் ஹோக்னி எழுதியிருந்தது 6,5.
புள்ளியில்லை, காற்புள்ளி.
ஃபாரோ தீவுகளின் பள்ளிகளில் அப்படித்தான் எழுதுவார்கள்,
ரொட்டிக்கடை விலைப்பலகையிலும் அப்படித்தான்.
செயற்கூறுக்கு அது எண்ணாகத் தெரியவில்லை.
தெரியவில்லை என்று சொல்ல
அதற்கு வாய் படைக்கப்படவில்லை.
படைத்தவன் நான்.
ஏழு வருடம் முன்பு, ஒரு வெள்ளி மதியம்,
மூன்றரை மணிக் கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில்.

சுன்னிவா காப்பிக் குடுவையோடு வந்து உட்கார்ந்தாள்.
திட்டவில்லை. "முதலில் எண்ணுவோம்" என்றாள்.
அந்த ஒரே பெயரைப் பதினான்கு இடத்தில் கேட்கிறோம்.
ஓரிடத்தில், கிடைக்காவிட்டால் ஏழு என்று வைத்துக்கொள்.
ஓரிடத்தில் ஆறு.
இன்னோரிடத்தில் சுழி, பக்கத்திலேயே என் குறிப்பு:
பிறகு பார்க்கலாம்.

"பதிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து
கேட்பது கேள்வியா?"
என்று அந்த மூன்றாவது உள்ளீட்டை அழித்தாள்.
பதினான்கு இடத்திலும் சிவப்புக் கோடு விழுந்தது.
அழகாகத்தான் இருந்தது.

பெயர் வைக்க ஒரு நாள் போயிற்று.
தேடு என்றால் கிடைக்காமலும் போகலாம்.
ஈ என்றால் கெஞ்சல், கொடு என்றால் அதட்டல்.
இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்று கேட்பதற்கு
தா.
தா என்றே வைத்தோம்.
பெயரைச் சொல், என்ன வகை என்று சொல்,
தா.
இருந்தால் தரும்.
இல்லையென்றால், இல்லை என்பதை
எண்ணாக வேஷம் கட்டி அனுப்பாது.

மூன்றாம் நாள் ஹோக்னி
ஆரஞ்சு நிற மேலங்கி சொட்டச் சொட்ட வந்தான்.
"ஒரு செட்டிங் சரியில்லை என்று கிளம்பாமலே நின்றுவிட்டால்
காலை நாலு மணிக்கு யாரை எழுப்ப?"
"இவனை" என்றாள் சுன்னிவா.
அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அவன் கொஞ்ச நேரம் தரையில் தேங்கிய நீரைப் பார்த்தான்.
"சரி, எல்லாத் தப்பையும் ஒரே மூச்சில் சொல்லட்டும்.
ஒன்றைத் திருத்தினால் அடுத்தது, அப்புறம் அடுத்தது என்று
என் கையுறையை எட்டுத் தரம் கழற்ற வைக்காதீர்கள்."

நாங்கள் வரைந்த எந்தப் படத்திலும்
கையுறை இருந்ததில்லை.

அதனால் கரையிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடும்படி மாற்றினோம்,
எண்ணெய் இருக்கிறதா என்று
நடுக்கடலில் பார்க்கிற படகோட்டி வேண்டாம் என்று.
காற்புள்ளியை ஏற்கலாம் என்றேன்.
6,500 என்று ஒருவர் எழுதினால் அது
ஆறரையா, ஆறாயிரத்து ஐந்நூறா என்றாள்.
மதியம் முழுக்கச் சண்டை. அவள் வென்றாள்.
காப்பி குடுவையிலேயே ஆறியது.

டிசம்பரில் ஒரு நாள், நாலு பத்துக்கு, தொலைபேசி.
"கிளம்பவில்லை" என்றான். பின்னால் காற்று.
திரையில் இருந்ததை அப்படியே படித்தான்:
பன்னிரண்டாம் வரி, 6,5 என்று இருக்கிறது.
ஆறரையா? நானாக ஊகிக்க மாட்டேன்.
முப்பதாம் வரி, நான்காம் கூண்டு, மீன் எண்ணிக்கை.
ஒன்றும் எழுதப்படவில்லை.

"ஆறரைதான்" என்றான்,
என்னிடமா திரையிடமா தெரியவில்லை.
கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கும் சத்தம்.
ஒரு விசை, ஒரு புள்ளி.

முப்பதாம் வரியில் நெடுநேரம் நின்றான்.
புதுக் குஞ்சுகள் வசந்தத்தில்தான் வரும்.
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
நான் சொல்லித் தரவில்லை.

"சுழி" என்றான் கடைசியில்,
எண்ணிப் பார்த்தவன் குரலில்.
அப்புறம் ஒரே ஒரு விசை.
ஐந்து கூண்டுகளின் குழாய்களில் தீவனம்
சரசரவென்று ஓடத் தொடங்கியது.