பதிவேட்டில் ஒரு வரி

மாரிபோர் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
கறுப்புச் சட்டை என் சீருடை;
கைகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக.
விதிப்படி சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டியிருக்கிறேன்.
மணிக்கட்டுக்கு மேலே சிவந்த தடிப்புகள்.
காலையில் மூன்று. இப்போது எண்ணவில்லை.

காதுகேளாதவர்களுக்கும் நீதிபதிகளுக்கும் நடுவில்
பத்தொன்பது வருடமாக நிற்கிறேன்.
ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை
என் கைகள் எனக்குச் சொந்தமில்லை.
விரல் சற்று இடம் மாறினால் வேறு சொல்.
சொறிந்துவிட்டால்
யாரும் சொல்லாத ஒன்றை
நான் சொன்னதாகிவிடும்.

நவம்பரில் தொடங்கியது,
கடிகார வார் பட்ட இடத்தில், கொசு கடித்தாற்போல.
கடிகாரத்தைக் கழற்றினேன்.
பிறகு மோதிரம், கம்பளி, வாசனைச் சோப்பு,
வால்நட், தக்காளி, சிவப்பு வைன்.
பூனையை அண்ணன் வீட்டில் விட்டேன்.
அரிப்பு போகவில்லை. பூனையும் திரும்பவில்லை,
அங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறதாம்.

டாக்டர் ஹ்ரிபெர்னிக் என் தொடையிலிருந்து
அரிசி அளவு சதையை எடுத்து அனுப்பினார்.
மூன்று வாரம் கழித்து
ஒரு நீண்ட கிரேக்கச் சொல் வந்தது.
"இதற்கு என்ன பொருள்?"
கேட்பது என் பிழைப்பு.
"காரணம் தெரியவில்லை என்று பொருள்."
அதையே எழுதியிருக்கலாமே என்றேன்.
சிரித்தார். நான்காவது களிம்பு எழுதிக் கொடுத்தார்.

இரவில்தான் அது முழுசாக விழிக்கும்.
நமநமவென்று முழங்காலில் ஆரம்பித்து
விலாவுக்கு ஏறி, நான் அங்கே போனால்
முதுகில், கை எட்டாத ஓர் உள்ளங்கை அகலத்தில்
உட்கார்ந்துகொள்ளும்.
பருத்திக் கையுறை மாட்டிப் படுக்கிறேன்.
குளிர்பெட்டியில் நாலு தேக்கரண்டி, என் தோலுக்கு.
ஒன்றை எடுத்து வோய்கோ காபி கலக்கினான் ஒருநாள்.
"ஏன் இப்படி ஆறிப்போச்சு?" என்றான்.
சொல்லவில்லை.
சொறியாதே, தட்டு என்கிறார்கள். தட்டுகிறேன்.
"இருட்டில் யாருக்குக் கைதட்டுகிறாய்?" என்று
தூக்கத்திலேயே கேட்கிறான்.

இன்றைய வழக்கு இக்னாட்சுடையது.
கீழ்த்தளத்துச் சுவர் நாலு வருடமாகக் கசிகிறது.
மேல்வீட்டுக்காரி என் குழாய் இல்லை என்கிறாள்.
மூன்று பிளம்பர்கள், ஒரு பொறியாளர்,
உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூசினார்கள்.
"தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?" நீதிபதி.
"தெரியாது" என்றன அவர் கைகள்.
"தெரியாது" என்றேன் நான், குரலில்.
கொஞ்சம் அதிகமாகவே உரக்க.

அப்போது அவர் நிறுத்தினார்.
என் முன்கையை மோவாயால் சுட்டி,
சின்னதாக, மடியில் வைத்தபடியே:
எவ்வளவு நாளாக?

சைகையில் வருவதெல்லாம் குரலில் வரவேண்டும்.
அது விதி. நான் சத்தியம் செய்த விதி.
"உங்களுக்கு இது எவ்வளவு நாளாக?" என்றேன்.
நீதிபதி நிமிர்ந்தார்.
"இந்த வழக்கு என்னிடம் வந்து
மூன்று மாதம்தான் ஆகிறது" என்றார்.
"இல்லை ஐயா. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறார்."
பிறகு கையாலும் வாயாலும் ஒரே நேரத்தில்:
"ஏழு மாதம்."

எழுத்தர் தட்டச்சு செய்துவிட்டாள்.
வழக்குக்குச் சம்பந்தமில்லை, தொடருங்கள் என்றார் நீதிபதி.
அடிக்கச் சொல்லவில்லை. வரி இருக்கிறது.

இக்னாட்ஸ் தொடர்ந்தார்:
ராத்திரி எழுந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.
காய்ந்த இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று.
சுவரைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிந்திருக்கலாம்.
கேட்கவில்லை. அப்படியே பெயர்த்தேன்.

செப்டம்பருக்கு ஒத்திவைத்தார்கள்.
படிக்கட்டில், இரண்டாம் மாடித் திருப்பத்தில்,
ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு
சொறிந்தேன்.
முழங்கையிலிருந்து விரல்வரை, நகம் வெள்ளையாக,
கண்ணை மூடிக்கொண்டு,
ஆஹா.

பிறகு எரிந்தது.
சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு
இரண்டு மணி வழக்குக்கு மேலே ஏறினேன்.