கேட்ச் — சப்

ஒன்பது கிளப். பதினான்கு சீசன்.
உரக் கம்பெனிக்கு நான்கு வருஷம்,
பெயிண்ட் கம்பெனிக்கு மூன்று
(அவர்கள் அணியைக் கலைத்த அன்று
ஆளுக்கு ஒரு டப்பா டிஸ்டெம்பர் கொடுத்தார்கள்).
மிச்சமெல்லாம், ஜூன் கடைசியில்
யாராவது செயலாளர் வீட்டு கேட்டில்
ஸ்கூட்டரை நிறுத்தி,
"சார், இந்த வருஷம் இடமிருக்கா?"

பேட்டிங் ஏழாவது. பௌலிங் கிடையாது.
ஆனால் கை இருந்தது.
டீப் மிட்விக்கெட்டிலிருந்து விட்டேனென்றால்
ஒரே துள்ளல், ஸ்டம்புக்கு மேல், கீப்பர் நகர வேண்டியதில்லை.
அதில்தான் சோறு.

பந்து எழும்பிய பிறகு எல்லோரும் பார்ப்பார்கள்.
நான் சத்தத்திலேயே கிளம்பிவிடுவேன்.
மட்டையின் நடுவில் பட்டால் ஒரு சத்தம்,
அடி விளிம்பென்றால் ஈர விறகு பிளப்பது போல்.
மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போது மட்டும்
நான் ஒரு நொடி கிழவன்.

ஒருமுறை சேப்பாக்கம்.
அணியில் இல்லை, தண்ணீர் பாட்டில் தூக்கப் போனேன்.
யாருக்கோ தொடை பிடித்துக்கொண்டதில்
சாப்பாட்டுக்குப் பின் என்னை இறக்கினார்கள்.
உயரப் போன ஒரு பந்தைக் கடல்காற்று
என்னைத் தாண்டி இழுத்தது.
முதுகு காட்டி ஓடி, இடது கை,
முழங்கைத் தோலில் பாதி இன்னும் அங்கேதான்.

மறுநாள் பேப்பரில் பொடி எழுத்து:
கேட்ச் — சப்.
பெயர் போடமாட்டார்கள். வழக்கம் அப்படி.
ஐந்து பிரதி வாங்கினேன்.
"இதுல நீ எங்க?" என்று
ஜெசிந்தா இரண்டு பக்கமும் திருப்பினாள்.
விரல் வைத்துக் காட்டினேன்.
"இது யாரு, வடக்கத்திக்காரனா?"

முப்பத்தெட்டு இப்போது. ஐந்தாம் டிவிஷன்.
பெரம்பூர்ப் பக்கம் ஒரே மைதானத்தில் இரண்டு மேட்ச்;
எங்கள் எல்லையில் நானும் அவர்கள் எல்லையில் ஒரு பையனும்
முதுகோடு முதுகாக நிற்கிறோம்.
"அண்ணே, தலை!" என்பான். குனிவேன்.
"தம்பி, தலை!" குனிவான்.

போன ஞாயிறு அவன் கத்தவில்லை.
சத்தம் கேட்டது. நடு மட்டை.
யோசிக்கவில்லை, திரும்பினேன்,
மூன்று எட்டு, இரண்டு கையும் மேலே.

அவுட் இல்லை.
அந்த ஆட்டத்தில் நான் இல்லை.
அம்பயர் தோளைக் குலுக்கி ஆறு காட்டினார்.

பந்தைத் திருப்பி விட்டேன்.
ஒரே துள்ளல்.
யாரென்றே தெரியாத கீப்பர்
கையுறைக்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"செம கைண்ணே," என்றான் பையன். "எந்த கிளப்?"

"இந்த வருஷமா?" என்றேன்.