வாளியோடு தந்த வண்டி

திரு. டோர்கெல்சன்,
வண்டி நன்றாக இருக்கிறது.
மினோட்டிலிருந்து இழுத்து வந்தபோது
ஒரு டயர்கூட முனகவில்லை.
இலவசமாய் நீங்கள் தந்த வாளியையும்
திறந்து பார்த்தேன்.

பதினொரு குப்பிகள்.
எல்லாவற்றின் முகத்திலும் எலுமிச்சையோ பனிமலையோ.
முதுகில், எறும்பு எழுத்தில், வேறு கதை.

முதலில் மர எண்ணெய்.
அடுப்புப் பக்கச் சுவரில் தேய்க்கத் தேய்க்க
உள்ளே இறங்காமல் வியர்வை மாதிரி நின்றது.
ஓரத்தை நகத்தால் நெருடினேன்:
மரமில்லை. மரத்தின் படம் அச்சிட்ட காகிதம்.
காகிதத்துக்கு எதற்கு எண்ணெய்க் குளியல்?
என் மகள் டில்டாவின் கைரேகைகள்
இரண்டு நாள் அங்கேயே ஒட்டிக் கிடந்தன.

அடுத்து நீலக் குப்பி. அது என் தவறுதான்.
ஜன்னலைக் கண்ணாடி என்று நினைத்துவிட்டேன்; அக்ரிலிக்.
அமோனியா பட்ட இடமெல்லாம் மயிரிழை வெடிப்பு,
கண்ணில் புரை விழுந்தாற்போல.
இனி மேற்குப் பக்கத்துச் சூரியகாந்தி வயலுக்கு
ஆகஸ்டிலும் பனிமூட்டம்.

பாத்திரமறிந்து பிச்சையிடச் சொல்ல
ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.
பரப்பறிந்து பூச்சிடச் சொல்ல
ஒருவருமில்லை.

"தரைக்கு அந்த சிலிக்கான் ஸ்ப்ரேயை அடி, பளபளக்கும்"
என்றான் ஆரின், வெல்டிங் முகமூடியைக் கழற்றாமலே.
பளபளத்தது.
மறுநாள் காலை கையில் காபியோடு
கதவிலிருந்து கட்டில் வரை அவனே போனான்,
நடக்காமல்.

வீடென்றால் நெடிக்குப் போக்கிடம் உண்டு:
மாடிப்படி, நடை, யாரும் படுக்காத ஓர் அறை.
இங்கே அடுப்புக்கும் தலையணைக்கும் நாலே எட்டு.
ஜனவரியில் மைனஸ் முப்பதில் யார் ஜன்னல் திறப்பார்கள்?
தெளித்தது
தெளித்தவர் மூச்சுக்கே திரும்பி வரும்.

ப்ளீச்சும் அமோனியாவும் மூடி தளர்ந்து
தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன.
தனித்தனிப் பையில் தூக்கிப் போய்
கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தேன்.
"இத்தனையும் ஒரு டிரெய்லருக்கா?" என்றான்
கையெழுத்து வாங்கிய பையன்.

(இனி வருவதை, நகல் எடுக்கும்போது விட்டுவிடுவேன்.)

வாளியின் அடியில் ஒரு சீட்டு.
உங்கள் மனைவியின் கையெழுத்தாக இருக்கும்.
"செவ்வாய் மேசை. வெள்ளி குளியலறை, இரண்டு தடவை.
ஆல்ஃப் வருமுன் நெடி போக வேண்டும்."

சாவியைக் கொடுத்தபோது சொன்னீர்கள்:
சோல்வேக்குக் குளிர்காலத்தில் வந்த இருமல்
கோடை வந்தும் போகவில்லை என்று.
டாக்டர்கள் அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை என்று.
எனக்கு எதுவும் தெரியாது.
நான் டாக்டரில்லை,
லேபிள் படிக்கிறவள்.

(இதோடு முடிந்தது.)

இப்போது என்னிடம் இருப்பவை
வெந்நீர், பாத்திர சோப்பு ஒரு சொட்டு,
ஆரினின் நைந்த பனியன்.
புதிதாக எதை வாங்கினாலும்
சோபாவுக்கு அடியில் விரலகலம் தடவிவிட்டு
ஒரு நாள் காத்திருக்கிறேன்.
ஆழம் பார்க்காமல் காலை விட்ட ஜன்னல்
எதிரிலேயே இருக்கிறதே.

மேசை மட்டும் நிஜ மரம்.
அதற்குத் தேன்மெழுகு, கடுகளவு,
கதவை அகலத் திறந்து வைத்து.
டில்டா நக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.
அவ்வளவுதான் நடந்தது.

மெழுகுக்கு அடியில் ஒரு வட்டம் தெரிகிறது,
வருடக்கணக்காய் ஒரே இடத்தில்
யாரோ கோப்பை வைத்த தடம்.
பதினொரு குப்பிக்கும் மசியாதது.
நான் அதன்மேல் துணியை அழுத்தவில்லை.

வாளி உறுதியான வாளி. கழுவி வைத்துக்கொண்டோம்.
டில்டா அதைக் கவிழ்த்துப் போட்டு, ஏறி நின்று,
மங்கிய ஜன்னலில் மூக்கை அழுத்தி
வயலைத் தேடுகிறாள்.

நன்றி.