நீல லேபிள்

டண்டீ நகரத்து விடுதியில்
டே நதியைப் பார்த்த கூடம்.
எங்களுக்குப் பதினான்காம் மேசை,
சமையலறைக் கதவை ஒட்டி.
கதவு திறக்கும்போதெல்லாம்
வறுத்த மீனின் வாசனையும்
யாரோ யாரையோ திட்டும் சத்தமும் வந்தன.

ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குகிறவர்களுக்கும்
ஆண்டுக்கொரு விருது விழா உண்டென்று
என் மனைவி கடைசிவரை நம்பவில்லை.
நான் சரக்கு இறங்கும் வாசலில் நிற்பவன்.
பெட்டி எண்ணுவேன், கையெழுத்திடுவேன்,
குளிரில் வைக்க வேண்டியது வந்தால் ஓடுவேன்.
வாடகைக் கோட்டு தோளில் பிடித்தது.

எதிரே மோரக் கில்க்ரிஸ்ட்,
பத்தொன்பது வருடமாய் எங்களுக்கு வாங்கித் தருபவள்,
ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து
தின்னாமல் குவித்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் பாராட்டுரை வாசித்தார்கள்.
பதினோரு லட்சம் பவுண்டு மிச்சம்.
கைதட்டல்.
ஹெப்பாரின் தட்டுப்பாட்டில்
ஒரு வார்டும் வெறுங்கையோடு நிற்கவில்லை.
இதற்கு நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்:
பெர்த் சாலையில் பனியில் புதைந்த லாரிக்கு
அவளோடு மண்வெட்டி தூக்கிப் போனவன் நான்.

அவர்கள் வாசிக்காத ஒன்று உண்டு.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி.
பொட்டாசியம் ஆம்பூலுக்கு விலைப்புள்ளி வந்தது,
மற்ற எல்லோரையும்விட அடிமாட்டு விலை.
தரச் சான்று சரி. காலாவதித் தேதி சரி.
மாதிரிப் பெட்டியைப் பிரித்து
ஒன்றை எடுத்து
எங்கள் சலைன் ஆம்பூலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
இரட்டைப் பிள்ளைகள்.
அதே பிளாஸ்டிக், அதே கழுத்து,
அதே நீல லேபிள்.

"டூகல், கண்ணாடியைக் கழற்று" என்றாள்.
விளக்கை அணைத்தாள்.
கதவிடுக்கில் கசியும் வெளிச்சம் மட்டும்.
"சலைனை எடு."
எடுத்தேன்.
விளக்கைப் போட்டாள்.
என் கையில் பொட்டாசியம்.
இன்னொரு முறை என்றாள். இன்னொரு முறை.
ஆறில் மூன்று முறை
ஆளில்லாத அந்த அறையில்
யாரையோ கொன்றேன்.

அன்று மாலையே வேண்டாமென்று எழுதிவிட்டு
விலை கூடிய பழைய கம்பெனிக்கே,
கறுப்பு மூடி போட்ட ஆம்பூலுக்கே திரும்பினாள்.
நிதிப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது:
நிராகரித்ததற்குச் சொன்ன காரணம் போதாது.
"லேபிளின் நிறம்" என்ற இரண்டு சொல்லுக்கும்
மேற்கோள் குறி போட்டிருந்தார்கள்,
அடம்பிடிக்கும் குழந்தையின் பேச்சை
அதன் குரலிலேயே திருப்பிச் சொல்வதுபோல.

பிறகு என்ன ஆனது?
ஒன்றும் ஆகவில்லை.
ஏதோ ஒரு நடுச்சாமத்தில், ஏழாம் வார்டில்,
பதினோரு மணி நேரமாய் நின்ற நர்ஸ் ஒருத்தி
இழுப்பறைக்குள் கைவிட்டாள்.
சரியானது வந்தது.
குழாயைக் கழுவிவிட்டு
அடுத்த படுக்கைக்குப் போனாள்.
படுத்திருந்தவர் காலையில் எழுந்து
ஓட்ஸ் கஞ்சியில் உப்பில்லையென்று சண்டை போட்டார்.

இப்படி நடந்ததா, எனக்குத் தெரியாது.
அந்த நர்ஸுக்கும் தெரியாது.
உப்புக்குச் சண்டை போட்டவருக்குத் தெரியவே தெரியாது.
அந்தத் தெரியாமையைத்தான்
கூடுதல் விலை கொடுத்து
மோரக் வாங்கினாள்.
அது எந்த ரசீதிலும் ஏறவில்லை.

பெயரைக் கில்பர்ட் என்று கூப்பிட்டார்கள்.
திருத்தாமல் போனாள்.
இரண்டு வார்த்தை பேசச் சொன்னதும்
"நன்றி. மீன் ஆறுகிறது" என்றாள்.
கூடம் சிரித்தது.
அவள் நிஜமாகவே சொன்னாள் என்று
பதினான்காம் மேசைக்கு மட்டும் தெரியும்.

கண்ணாடிக் கேடயத்தோடு வந்து உட்கார்ந்தவள்
முதலில் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
பழக்கம்: தொகுதி எண், காலாவதித் தேதி.
அடியில் கிழிக்க மறந்த ஒரு சீட்டு:
நாற்பத்தெட்டு பவுண்டு.

கண்ணைச் சுருக்கினாள்.
"முப்பத்தைந்துக்கே முடித்திருக்கலாம்"
என்று என் பக்கம் சாய்ந்து சொல்லிவிட்டு
மீனுக்கு எலுமிச்சை பிழிந்தாள்.