மூலைக்கு மூலை

கேத்தி. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
பதிவேட்டில் பெயரில்லாத பனிமூட்டம்
ஜன்னல் ஏறி வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

பலகையில் கட்டங்கள், மூன்றுக்கு ஐந்து.
மூலைக்கு மூலை ஒரு கோடு.
எத்தனை கட்டங்களை வெட்டும்?
கேட்டுவிட்டு சாக்பீஸை
ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன்,
கையையும் அதோடு பூட்டினேன்.

ஏழு. சரி.
இரண்டுக்கு மூன்று? நான்கு.
"கூட்டி ஒண்ணைக் கழிச்சா போதும் டீச்சர்"
பெள்ளிராஜ் நோட்டையே மூடிவிட்டான்.

நான்குக்கு ஆறு போடு என்றேன்.
ஒன்பது வரவேண்டும்.
எட்டுதான் வந்தது.
பென்சில் மொக்கை என்றான், ஸ்கேல் கோணல் என்றான்,
யோகராணியின் ஸ்கேலைப் பிடுங்கி மறுபடி போட்டான்.
எட்டு.

விடை என் வாய்க்குள்
கொதிக்கிற டீயாக.
துப்பவும் முடியாது, விழுங்கவும்.
கீழே மலை ரயில் ஊதிக்கொண்டு போனது.
ஒரு தலைகூட நிமிரவில்லை.

யோகராணிதான் கோட்டின் நடுவில் விரலை வைத்தாள்:
"இங்க முனை மேலயே போகுது.
ஒரே தாண்டுல ரெண்டு சுவரு.
ஒரு கட்டம் தப்பிச்சிருது."

ஆறுக்கு ஒன்பது போட்டார்கள்.
இரண்டு முனை. பன்னிரண்டு.
"மூணு கழியுது... ஏய், மீ.பொ.வ.!"
யார் கத்தியதென்று தெரியவில்லை,
பனிக்குள்ளிருந்து வந்தது.
ஆறாம் வகுப்புப் பரீட்சையோடு
அடக்கம் செய்த சொல்
எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது.

மணி அடித்தது.
இன்று முடிக்கவேண்டிய பயிற்சியில்
ஒரு கணக்கும் தொடவில்லை.
தலைமையாசிரியருக்கு என்ன எழுத?

பெள்ளிராஜ் மட்டும் போகாமல் நின்றான்.
"கட்டத்துக்குப் பதிலா
கேரட் பெட்டி அடுக்கி
உள்ள கம்பி விட்டா, டீச்சர்?"

தெரியாது என்றேன்.
நிஜமாகவே தெரியாது.